சக்கோத்தா தின்னலாமா, சித்தப்பா?

போன மாதம் தேவனஹள்ளியில் ஒரு நண்பர் வீட்டு மரத்திலிருந்து பறித்த இரண்டு சக்கோத்தாவை பெங்களூர் அல்சூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு எடுத்துப்போனேன். நம் ஊரில் பம்பளிமாஸ் என்போமே, அதுதான். தேவனஹள்ளிச் சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடே உண்டு. சித்தப்பா ஆசையாகக் கத்தியோடு உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சித்தப்பா, கொலஸ்ட்ராலுக்கு என்ன மாத்திரை போடுறீங்க?"

"பழம் தின்ன மாத்திரைகிட்ட அனுமதி வாங்கணுமாடா?" என்றார்.

சில மாத்திரைகளிடம் வாங்கத்தான் வேண்டும். 1989இல் கனடாவில் லண்டன் என்ற ஊரில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் மாத்திரை மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மதுவின் சுவை தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத உயரத்துக்குப் போனது. காரணம் மது இல்லை, சாறு! 1991இல் வந்த அடுத்த ஆய்வில், தண்ணீரோடு விழுங்கியதைவிட அந்தச் சாற்றோடு விழுங்கியபோது ஏறத்தாழ மூன்று மடங்கு மருந்து உடலில் சேர்ந்தது தெரிந்தது. குடல் சுவரில் ஒரு நொதி சில மருந்துகளில் ஒரு பங்கை அங்கேயே உடைத்துவிடுகிறது. அந்தக் கழிவையும் கணக்கில் வைத்துத்தான் மருந்தின் அளவையே நிர்ணயிக்கிறார்கள். பழத்திலுள்ள ஃபியூரனோகூமரின்கள் அந்த நொதியை முடக்கிப்போடுகின்றன. புது நொதி ஊற ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்துக்கொள்வதில் பயனில்லை.

கிரேப்ஃப்ரூட் இங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். அது பம்பளிமாஸும் சாத்துக்குடி வகை ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். தாயான பம்பளிமாஸுக்கும் அந்தக் குணம் உண்டு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டையும் பம்பளிமாஸ் ஏற்றிவிடுவது பதிவாகியிருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் சிம்வாஸ்டாடினும் அட்டோர்வாஸ்டாடினும் இந்த நொதியை நம்பியவை; ரோசுவாஸ்டாடின் அப்படியில்லை. சித்தப்பாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ரோசுவாஸ்டாடின். மனிதர் சுளை சுளையாக உரித்துத் தின்றார்.

நான் சித்தியின் மருந்துப் பையைக் கேட்டேன். துணிக்கடைப் பை ஒன்றைப் பாயில் கவிழ்த்தார். தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, பக்கத்து வீட்டம்மா கொடுத்த வைட்டமின் டி பாக்கெட்டுகள், மகள் ஆன்லைனில் வாங்கிக்கொடுத்த முடி மாத்திரை டப்பா, ஏதோ ஒரு மூலிகைப் பொடி. டாக்டர் "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாராம். "இல்லை" என்று சொல்லிவிடுவாராம். "இதெல்லாம் சத்துக்குத்தானே, மருந்தா என்ன?"

சித்தியின் தைராய்டு அளவு ஒன்றரை வருஷமாகக் கட்டுக்குள் வரவில்லை. 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75, பிறகு 100. விசாரித்தால், விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து மாத்திரையை முதல் டிகாஷன் காபியோடு விழுங்கியிருக்கிறார். டாக்டர் மேல் தப்பில்லை, 'வெறும் வயிற்றில்' என்றுதான் சொல்லியிருக்கிறார். சித்தியின் அகராதியில் காபி வயிற்றில் சேர்த்தியில்லை. தைராக்ஸினைப் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியமும் இரும்புச்சத்தும் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சித்தி மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

முடி மாத்திரை இன்னொரு வேலை செய்கிறது. பெங்களூரில் முடி கொட்டுவதற்குப் போர்வெல் தண்ணீரைத் திட்டாத பெண் இல்லை, முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் டப்பா இல்லாத அலமாரியும் குறைவு. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். டப்பாவில் இருப்பது 10,000. உடம்புக்கு அது பெரிய கெடுதல் செய்வதில்லை, ஆய்வகத்தைத்தான் ஏமாற்றுகிறது. பல ரத்தப் பரிசோதனைகள் பயோட்டினைப் பசைபோலப் பயன்படுத்தி நடப்பவை. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால், இல்லாத தைராய்டு மிகையைக் காட்டலாம். அதைவிட மோசம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அவசரத்தில் போக நேர்ந்தால் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி பாக்கெட் 60,000 யூனிட். வாரத்துக்கு ஒன்று என்று, சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர் எழுதித் தருவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன அன்றாடத் தேவை 600 யூனிட்தான். சித்தி அதைப் பாலில் கலந்து தினமும் குடித்து நான்கு பாக்கெட்டைத் தீர்த்திருந்தார். மாதக்கணக்கில் இப்படிப் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகக் கேடு. இது கொழுப்பில் தங்கும் வைட்டமின். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கிடந்து படுத்தும். டாக்டர் கால்சியம் பார்த்தார். பிழைத்தோம்.

கீரைக்கு வருகிறேன். பெங்களூரில் கீரையில் செய்யும் பஸ்ஸாரும் மஸ்ஸொப்பும் இல்லாத வாரம் ஏது? ஜெயதேவா மாதிரி இதய மருத்துவமனைகளில் வால்வு மாற்றிக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடுவார்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அதற்கு எதிராக இழுக்கும். பயந்துபோய்க் கீரையையே விடுவதும் தப்பு, திடீரென்று தினம் ஒரு கட்டு தின்பதும் தப்பு. வழக்கமான அளவில் மாறாமல் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

மூலிகையென்றால் கெடுதல் இல்லை என்பவர்களுக்குச் சீந்தில் கொடியை நினைவூட்டலாம். இங்கே அம்ருதபள்ளி என்பார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடித்தோம். மும்பை மருத்துவர்கள் 2021இல் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தபோது, வேறு செடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து அப்படிப்பட்ட 43 நோயாளிகளைப் பதிவு செய்தன. நான் மருத்துவர்கள் பக்கம்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? சத்து மாத்திரை டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருந்தால் சட்டப்படி அது உணவு. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட்டிருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று அது விளம்பரம் செய்யக் கூடாது. 2015ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகளின்படி, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று நமக்கு விளக்குவது மருந்தாளுநரின் கடமை. மெடிக்கல் ஷாப்பில் வெள்ளை கோட்டு போட்டவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்ல அந்தச் சீட்டுதான் ஆதாரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது.

மருந்தால் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. வேலை நாளில் கூப்பிடுங்கள். படிவம் தமிழிலும் இருக்கிறது, கன்னடத்திலும் இருக்கிறது.