தகப்பன் பெயரும் குடும்பப் பெயரும்

கடவுச்சீட்டுக்கான விண்ணப்பமாயினும், வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவமாயினும், அயல்நாட்டுக் கல்லூரியில் இடம் கேட்டு அனுப்பும் மனுவாயினும், அதில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் தவறாமல் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் தமிழர்களில் பெரும்பாலோர் பேனாவை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. வம்சாவழியாக இறங்கிவரும் குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. பிதாவின் பெயரிலிருந்து முதலெழுத்தை எடுத்துத் தம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொள்வதே நம்முடைய சம்பிரதாயம். ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததுண்டு. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அவற்றைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த இயக்கத்தின் பிரசாரத்தால் அவை நாளடைவில் வழக்கொழிந்தன. தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்க காரியம் இது என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் படிவங்களை அச்சிடுகிற உலகம் அதை அறியாது.

நம் வழக்கத்தின் விசேஷத்தை ஒரு பிரசித்தமான குடும்பத்தைக் கொண்டே விளக்கலாம். சந்திரசேகர ஐயரின் புதல்வர்களில் மூத்தவர் சுப்பிரமணியன். அவருக்கு இளையவர் வெங்கடராமன், அதாவது 1930ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற சர் சி. வி. ராமன். மூத்தவர் தம் மகனுக்குப் பாட்டனாரின் பெயரையே இட்டார். நட்சத்திரங்களின் அந்திம நிலையை ஆராய்ந்து 1983ஆம் ஆண்டு அதே பரிசைப் பெற்ற எஸ். சந்திரசேகர் அவர்தாம். ராமன் என்றும் சந்திரசேகர் என்றும் உலகம் அறிந்த இவ்விருவரும் சிறிய தகப்பனாரும் தமையன் மகனும் என்பதை, பெயரை மட்டும் பார்த்து ஓர் ஐரோப்பியர் ஊகிக்க வழியே இல்லை. நமக்கோ, ஒருவருடைய முதலெழுத்தும் மற்றவருக்கு இட்ட பெயரும் ஒரே சந்திரசேகரரைச் சுட்டுகின்றன என்று சொன்னாலே உறவு விளங்கிவிடுகிறது. சிதம்பரத்தில் பிறந்து, 2009ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை உலகம் 'டாக்டர் ராமகிருஷ்ணன்' என்கிறதே, அது அவருடைய தகப்பனாரின் நாமம்.

கடவுச்சீட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கென்று, ஒவ்வொன்றிலும் 44 இடங்கள் கொண்ட இரண்டு வரிகள் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் வரியில் பெயருக்கென்று ஒதுக்கியவை 39 இடங்கள். அவற்றில் குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும், பிறகு அம்புமுனை போன்ற இரண்டு குறிகள், அதன் பிறகே இட்ட பெயர் என்பது சர்வதேச விதி. ஒற்றைப் பெயரோடு வருகிறவரை இந்த ஏற்பாட்டுக்குள் அடக்குவது சிரமமாகிறது. அமெரிக்க விசாவில் அவருடைய ஒரே பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் வைத்துவிட்டு, மற்ற இடத்தில் 'முதற் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைப் பொறிக்கிறார்கள். தாயும் தகப்பனும் ஆசையோடு இட்டு, ஊர் முழுவதும் கூப்பிட்ட பெயரை உடைய ஒருவரைப் பெயர் தெரியாதவராகக் குறிக்கும் அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பின்னர் கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

கட்டத்தை எப்படியோ நிரப்பிய பிறகு எழுத்துக்கூட்டல் என்னும் சங்கடம் தொடங்குகிறது. கந்தசாமி என்பது நமக்கு எழுதவும் படிக்கவும் எளிய பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதுகையில் தமிழ்நாட்டார் தகரத்துக்கு அகரவரிசையின் நான்காம் எழுத்தைப் போடுவார்கள். யாழ்ப்பாணத்தார் இருபதாம் எழுத்தோடு 'ஹெச்' சேர்ப்பார்கள். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பதிவேட்டிலோ அதே பெயர் 'சி'யில் தொடங்கி, நடுவே இரட்டை 'எஸ்' பெற்றிருக்கும். டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரனின் பெயரே இதற்குச் சாட்சி: ஆட்டப் பட்டியல்களில் பெரும்பாலும் 'டி-ஹெச்' கொண்டு எழுதப்படும் அந்தப் பெயர், ஆஸ்திரேலியாவும் இலங்கையும் ஆடும் தொடருக்கு 2007ஆம் ஆண்டில் ஏற்பட்ட கோப்பையில், அவர் விரும்பிய நான்காம் எழுத்தோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. ழகரத்தின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துகளே பின்னர் ஆயுள் முழுவதற்கும் பிரமாணமாகிவிடுகின்றன. பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடியோ, வருமான வரி அட்டையில் முதலெழுத்து விரிந்தோ, ஆதாரில் அது சுருங்கியோ இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் சத்தியம் செய்து, வேண்டுமானால் அரசிதழிலும் அறிவிப்பு வெளியிட்டுத் தன்னைத் தானே நிரூபிக்கும் நிர்ப்பந்தம் ஏற்படுகிறது. கருணையோடு பார்க்கும் ஓர் உத்தியோகஸ்தர் கிடைத்தால் அரை மணி நேரத்தில் தீரும் விஷயம், கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கிறது.

கடல் கடந்து போனவர்களின் கதை இதைவிட ஆழமானது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின் 1911 வரையில் 1,50,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனார்கள். தமிழ் அறியாத குமாஸ்தாக்கள் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டதில் முதலி 'மூட்லி' ஆயிற்று, கவுண்டர் 'கோவெண்டர்' ஆயிற்று. பலருடைய சந்ததிக்கு, கப்பலேறிய பாட்டனின் இட்ட பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. 1854 டிசம்பரில் 'ஓரேலி' கப்பல் முதன்முதலாகக் கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்குக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியபோதும் அவ்வாறே நேர்ந்தது. அங்கே முத்துசாமி பிரெஞ்சு எழுத்தில் மூத்தூசமி ஆனார், சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனார். அந்தப் பெயரோடு 1863ஆம் ஆண்டு அத்தீவில் பிறந்த ஆன்றி சிதம்பரோம், இந்திய வம்சத்தில் பிறந்தவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904ஆம் ஆண்டில் தொடுத்த போராட்டத்தை 1923ஆம் ஆண்டு வெற்றி கிட்டும் வரையில் நடத்தினார்.

இத்தகைய பெயர்களைக் கண்டதும் "அது தப்பு, முத்துசாமி என்றல்லவா இருக்க வேண்டும்" என்று திருத்த முற்படுகிற அன்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ்ப்பற்று மதிக்கத்தக்கதே. ஆயினும் அது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். பதிந்த குமாஸ்தா செய்தது பிழைதான். ஆனால் நான்கைந்து தலைமுறையாக அந்த எழுத்துகளோடு பிறந்து, மணம் செய்து, வழக்காடி, மண்ணில் அடங்கிய மனிதர்கள் அதைத் தங்கள் சொத்தாக ஆக்கிக்கொண்டார்கள். சிதம்பரோம் வென்றது அந்தப் பெயரில்தான். ஒருவருடைய பெயரை எப்படி எழுதுவது என்று அவரையே கேட்டு அப்படியே எழுதும் மரியாதை, முரளிதரனுக்கும் உண்டு, மூட்லிக்கும் உண்டு.

பாட்டனின் ஊரைத் தேடித் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள், பெயரின் எழுத்துகளை மட்டும் நம்பிக் கிராமம் கிராமமாக விசாரித்துக் களைத்துப்போவதுண்டு. நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், ஜில்லா, உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைப் பதிந்திருக்கிறார்கள். கிராமத்தின் பெயரும் சிதைந்திருக்கலாமாகையால் அதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும், கூடவே தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னால், ஊரில் வயதான யாராவது ஒருவர் "அந்த வீடா?" என்று கேட்கக்கூடும்.