எம்-ஒன் அரியரும் பத்து ரூபாய் வில்லையும்

2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். திருக்கோவிலூரிலும் தென்பெண்ணையின் எதிர்க்கரையில் உள்ள அரகண்டநல்லூரிலும் அந்த எண்ணை யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள். "இப்ப எவ்வளவு வருதாம்?" என்று கேட்டவருக்கு வேண்டியிருந்தது வேகம். "அணையில இன்னும் எவ்வளவு இருக்காம்?" என்று கேட்டவருக்கு வேண்டியிருந்தது மொத்தம். வேகத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் வகைக்கெழு என்று பெயர். வேகத்தைச் சேர்த்துச் சேர்த்து மொத்தத்தைப் பிடிப்பது தொகையீடு. அன்றைய வேகம் மாறாமல் இருந்தால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, வெளியேற 1 மணி 39 நிமிடம். இதைப் பெருக்கல் வகுத்தலிலேயே போட்டுவிடலாம். ஆற்றின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறதே, அப்போது என்ன செய்வது? அங்கேதான் கால்குலஸ் தொடங்குகிறது.

உலகளந்த பெருமாள் ஊரான திருக்கோவிலூரில் அளக்கும் பாடத்துக்குப் பயமா என்று தலைப்பு வைக்க முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் ரிசல்ட் வந்த இரவு பத்து மணிக்கு "எம்-ஒன் போச்சு சார்" என்று போனில் அழுகிற பையனிடம் அந்த வேடிக்கை எடுபடாது. பொறியியல் கல்லூரியில் முதல் பருவக் கணிதத்துக்கு எம்-ஒன் என்றுதான் பெயர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் அது 'மெட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாலும் முதலாண்டில் இதே கால்குலஸ்தான். 2021இல் அறிவிக்கப்பட்ட பத்து புதிய அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் திருக்கோவிலூரும் ஒன்று என்பதால், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே இடம் கிடைத்திருக்கிறது. அரியர் விழுந்தால் யாரிடம் கேட்பது என்பது அந்த வீடுகளில் எவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

"மண்டையில ஏறல" என்பது பெரும்பாலும் பொய். எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் எல்லாம் பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பல பள்ளிகள் பதினொன்றை ஒப்புக்கு நடத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே எடுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதைக் கைவிட்டார்கள். இனி வரும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அஸ்திவாரம் இல்லாத வீட்டில் மாடி கட்டச் சொல்கிறது முதல் பருவம், அதுவும் ஆங்கிலத்தில். இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே பயிற்சி, அதே கணக்கு. பாடநூல்கள் இணையத்தில் இலவசம், கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களும் அப்படியே. மூன்று வாரம் போதும். ஆங்கில வழிப் படிப்பானாலும் மாணவர்கள் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று யு.ஜி.சி. 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சரி, அரியர் விழுந்துவிட்டது. முதல் வேலை, விடைத்தாள் நகல் கேட்பது. மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று நகலைப் பார்க்காமல் முடிவெடுப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பணம் கட்டுகிறார்.

ஒரு தம்பியின் நகலை நான் வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். மேல்மூடி இல்லாத செவ்வகப் பெட்டி, கொள்ளளவு 32, மிகக் குறைந்த தகட்டில் செய்ய நீள அகல உயரம் என்ன என்பது கேள்வி, 13 மதிப்பெண். லக்ராஞ்சி முறையில் சமன்பாடுகளை எழுதிப் பாதி வரை வந்திருந்தான். நடுவில் வேறொரு கணக்குக்குத் தாவிவிட்டு, எட்டொன்பது பக்கம் தள்ளி மீதியை முடித்திருந்தான். விடை 4, 4, 2, சரியானதுதான். முன்பாதிக்கு 5 மதிப்பெண் போட்டிருந்தது. பின்பாதி இருந்த பக்கத்தில் சிவப்பு மை படவே இல்லை. மறுமதிப்பீட்டில் தேறினான். இனி அவன் செய்யப்போவதை நீங்களும் செய்யுங்கள்: கணக்கு வேறு பக்கத்துக்குப் போனால், எந்தப் பக்கத்தில் தொடர்கிறது என்று அங்கேயே எழுதிவிடுங்கள். நகல் கையில் வந்ததும் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா, உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டுங்கள். அவரே "இதுக்கு மேல வராதுப்பா" என்றால் பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு அடுத்த தேர்வுக்குப் படியுங்கள்.

நகல் கேட்டு விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் சில நாள்கள்தான். கல்லூரி நோட்டீஸ் பலகையில் ஒட்டிய தாளை யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்குள் தேதி முடிந்திருக்கும். நான் பார்த்த பிள்ளைகளில் கணக்கில் தோற்றவர்களைவிடத் தேதியில் தோற்றவர்கள் அதிகம்.

அந்தத் தேதி போனாலும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9இல், சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. விடைத்தாளைப் பல்கலைக்கழகம் பாதுகாத்து வைத்திருக்கும் காலம் வரைதான் இந்த உரிமை. திருத்தியவர் பெயர் கேட்டால் தரமாட்டார்கள். மதிப்பெண்ணைக் கூட்டித் தரச் சொல்லவும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. கையில் சான்று கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் புகாருக்கு அதுதான் ஆதாரம். நுகர்வோர் நீதிமன்றம் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். தேர்வு நடத்துவது விலைக்கு விற்கும் சேவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது.

புகாரை எங்கே கொடுப்பது? யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அது 15 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

"பணம் கொடு, பாஸ் போட்டுத் தர்றேன்" என்று பேருந்து நிலையத்தில் சொல்பவரும் உண்டு, டெலிகிராமில் சொல்பவரும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வில் சுமார் 3 லட்சம் பேர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, 73 ஆயிரத்துக்கும் மேல் தேறினார்கள். பணம் கைமாறியதாக லஞ்ச ஒழிப்புத் துறை 2018 ஆகஸ்டில் வழக்குப் பதிந்தது. உண்மையாகவே நல்ல விடை எழுதித் தேறியவர் மீதும் அப்போது சந்தேகத்தின் நிழல் விழுந்தது. கொடுப்பதும் குற்றம், கொடுத்த பணத்துக்கு ரசீதும் கிடையாது.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு வேறு கவலை. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருபவருக்குக் காலை பஸ் தவறினால் முதல் மணி நேரம் போச்சு. அது கணக்கு வகுப்பாக அமைந்தால் பாடமும் போகும், வருகைப் பதிவும் போகும். 75 விழுக்காடு இல்லையென்றால் தேர்வெழுதவே விடமாட்டார்கள். உடல்நலக் காரணத்துக்கு விதிவிலக்கு உண்டு. பருவம் முடியும் வரை காத்திராமல் மருத்துவச் சான்றை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

படிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவரிடம் "மீதி மூணு வருஷ ஃபீஸ் கட்டினாத்தான் சர்டிபிகேட்" என்று சில கல்லூரிகள் மிரட்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது, நடப்புப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மேல் கட்டணம் கேட்கக்கூடாது என்பது யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், குரல் தணியும்.

ஆனால் ஒரு அரியருக்காகப் படிப்பை விடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் நான்காண்டுப் பொறியியலை முடிக்க ஏழாண்டு அவகாசம். பெற்றோரே, ரிசல்ட் வரும் இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள், திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தேர்வுப் பிரிவின் அறிவிப்பை எடுத்து, விடைத்தாள் நகலுக்கான கடைசித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் அது அந்த வாரத்திலேயே இருக்கும்.