ஜார்ஜ் டவுன் படப்பிடிப்பும் ஸ்டைலிஸ்டின் கூலியும்

2016-இல் ‘கபாலி’ வெளிவந்தபோது மலேசியத் தமிழர்கள் ரஜினியின் நடையைப் பேசிய அளவுக்கு அவர் போட்டிருந்த கோட் சூட்டையும் பேசினார்கள். அந்த உடைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் அனு வர்தன். மலேசியாவில் எடுக்கப்பட்ட 2007 ‘பில்லா’வுக்கு உடை அமைத்தவரும் அவர்தான். சினிமாவில் இந்த வேலை பெரியது. பாத்திரத்தைப் படித்து, துணி எடுத்து, தைக்கவைத்து, சில சமயம் தைத்ததை அழுக்காக்கிப் பழையதாகவும் காட்ட வேண்டும்.

கல்யாண ஆல்பம், புடவைக் கடை விளம்பரம், உணவகத்தின் காணொலி, அலுவலகத்துக்கான படம் போன்றவற்றுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. உங்கள் அலமாரியில் இருப்பதையும் கடையில் கிடைப்பதையும் வாடகைக்கு வருவதையும் அலசி, பொருத்தமானதை எடுத்து, உங்கள் உடம்பில் போட்டுப் பார்த்து, கேமரா ஓடும்போது பக்கத்தில் நின்று சரிசெய்ய ஒருவர் போதும். அவர்தான் ஸ்டைலிஸ்ட்.

“நன்றாக உடுத்தத் தெரிந்த அக்கா வீட்டிலேயே இருக்கிறாள், இதற்குப் போய்க் காசு கொடுப்பதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அக்கா பார்ப்பது கண்ணால். ஸ்டைலிஸ்ட் பார்ப்பது கேமராவின் திரையில். இரண்டும் ஒன்றல்ல. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை நேரில் கம்பீரமாக இருக்கும். காணொலியில் அந்தக் கோடுகள் சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதி, துணியில் இல்லாத அலைகளாக நெளியும். பெரிய பூப்போட்ட பாத்தேக் சட்டைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பட்டின் சரிகை ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாகிவிடும். பேட்டி எடுக்கும்போது சட்டையில் மாட்டும் சின்ன மைக்கில் மொடமொடப்பான பட்டு உரசுவதும் கண்ணாடி வளையல் குலுங்குவதும் பேச்சைவிடத் தெளிவாகப் பதிவாகும்.

அழகான துணியைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தத் தொழில் என்று நினைப்பவர்களுக்குப் பாலாவின் ‘பரதேசி’யை ஞாபகப்படுத்தலாம். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கந்தலும் முரட்டுத் துணியும்தான் அந்தப் படம் முழுக்க. உடை வடிவமைப்புக்கான தேசிய விருது அதற்காகப் பூர்ணிமா ராமசாமிக்குக் கிடைத்தது.

இனி பினாங்கின் ஜார்ஜ் டவுன். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரமாக அறிவித்த பிறகு, இந்தப் பழைய தெருக்களில் கேமரா இல்லாத நாளைப் பார்ப்பது அரிது. 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் சிறுவர்கள் ஓவியத்துக்கு முன் படம் எடுக்க வரிசையே நிற்கிறது. இங்கே சுவர்களுக்கே நிறம் அதிகம். அதனால் உடையைத் தேர்வதற்கு முன் இடத்தைத் தேர்ந்துவிட வேண்டும். லெய்த் தெருவின் சியோங் ஃபாட் ஸீ மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் மாஜோங் காட்சி அங்கேதான் எடுக்கப்பட்டது. அதன் அவுரி நீலச் சுவருக்கு முன் கருநீலப் புடவையோ ஊதாச் சட்டையோ போட்டு நின்றால் முகமும் கையும் மட்டும் மிதக்கும். மஞ்சளோ செம்மண் நிறமோ துள்ளி நிற்கும். சர்ச் தெருவிலுள்ள பெரனாக்கான் மாளிகை பச்சை. அங்கே கிளிப்பச்சைப் புடவை எடுபடாது. லிட்டில் இந்தியாவில் மாலைக்கடை, துணிக்கடை, பெயர்ப்பலகை என்று பின்னணி முழுக்க வண்ணம் என்பதால், பெரிய பூ போட்ட உடையைவிட ஒரே நிறப் புடவை நன்றாக எடுபடும். நீங்கள் கேட்காமலேயே இவற்றைப் பேசுகிற ஸ்டைலிஸ்ட்தான் வேலை தெரிந்தவர். “எங்கே எடுக்கிறீர்கள்?” என்ற கேள்வியே முதல் உரையாடலில் வரவில்லை என்றால், கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது வியர்வை. பினாங்கின் புழுக்கத்தில் சாம்பல் நிறப் பருத்திச் சட்டை பத்து நிமிடத்தில் அக்குளைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டு ரவிக்கையில் விழுந்த வியர்வைக் கறை எளிதில் போகாது. வெள்ளையும் அடர்நிறமும் பூவேலையும் வியர்வையை மறைக்கும். ஆனால் உச்சி வெயிலில் தும்பைப்பூ வெள்ளை வேட்டி தன் மடிப்பெல்லாம் இழந்து வெறும் வெளிச்சமாகிவிடும். மாப்பிள்ளை மாநிறமோ கருப்போ என்றால் சிக்கல் இரட்டிப்பு. வேட்டிக்கு வெளிச்சம் வைத்தால் முகம் இருளும்; முகத்துக்கு வைத்தால் வேட்டி எரியும். சந்தன நிற வேட்டி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். மீதிக்கு நேரம்தான் மருந்து. இங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் எழுகிறது, ஒன்பதரைக்குள் வேலை முடிந்தால் நல்லது. அப்படியானால் புடவை கட்டும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

உடை மாற்ற இடமும் பிரச்சினைதான். கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் மாற்ற முடியாது. சியூ ஜெட்டியின் மரவீடுகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களுடைய கழிவறையைக் கேட்பது அழகல்ல. பக்கத்தில் ஒரு விடுதி அறை எடுத்துவிடுங்கள். ஸ்டைலிஸ்டின் நீராவி இஸ்திரி, ஊக்கு, கிளிப், இரட்டைப் பக்க ஒட்டுநாடா, ஊசிநூல், பஞ்சு உருளை எல்லாம் அங்கே இருக்கும். சட்டை முதுகில் தொளதொளவென்றிருந்தால் பின்னால் கிளிப் மாட்டி இறுக்கிவிடுவார். முன்னாலிருந்து பார்ப்பவருக்குத் தைத்த மாதிரித் தெரியும். காணொலியாக இருந்தால் ஒவ்வொரு காட்சி முடிவிலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பார். மதியம் திரும்பவும் அதே காட்சி எடுக்கும்போது முந்தானை எந்தத் தோளில், எத்தனை மடிப்பு என்று அப்போது தர்க்கம் வராது.

ஆளைத் தேடும்போது இன்ஸ்டாகிராமில் மின்னும் ஒற்றைப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே படப்பிடிப்பின் எல்லாப் படத்தையும் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்கும் மாமாவின் சட்டைக் காலர், உட்கார்ந்த பெண்ணின் கொசுவம், குழந்தையின் காலுறை, இவற்றில்தான் வேலை தெரியும். நம் தோல் நிறத்தில் உள்ளவர்களுக்கு அவர் உடுத்திவிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். ‘ஸ்கின் கலர்’ என்று கடையில் விற்கும் உள்ளாடை பெரும்பாலும் யாருடைய தோல் நிறம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மெல்லிய ரவிக்கைக்கு உள்ளே அது வெளிறிப்போய்த் தெரியும்.

பணம் பேசும்போது நான்கு கணக்கைத் தனித்தனியாகக் கேளுங்கள்: படப்பிடிப்பு நாளின் கூலி, அதற்கு முன் தேடுவதற்கும் அளவு பார்ப்பதற்குமான கூலி, துணி வாங்கவும் வாடகைக்கும் ஆகும் தொகை, முன்பணம். ஒரே தொகையாகச் சொன்னால் அதில் துணியும் சேர்த்தியா என்பதில்தான் பின்னால் சண்டை வரும். விளம்பரத் தொழில் கோலாலம்பூரில் குவிந்திருப்பதால் சிலர் அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர் வருவார்கள். பயணமும் தங்குமிடமும் உங்கள் தலையில். வாடகை உடை கிழிந்தாலோ கறைபட்டாலோ யார் பொறுப்பு, மழையால் நாள் தள்ளிப்போனால் பாதிக் கூலியா முழுக் கூலியா, எத்தனை உடை மாற்றம், எத்தனை மணிக்கு மேல் கூடுதல் பணம் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். புடவை கட்டிவிடுவது ஸ்டைலிஸ்டா மேக்கப் போடுபவரா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இருவரும் மற்றவர் செய்வார் என்று நினைத்துக்கொண்டு வந்தால் விடிகாலையில் மணப்பெண்தான் அவதிப்படுவாள்.

விலைச்சீட்டை உள்ளே மடித்து ஒட்டி, படம் எடுத்ததும் உடையைப் பேரங்காடிக்கே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உலகெங்கும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஜார்ஜ் டவுன் வெயிலில் பலிக்கவும் செய்யாது.

எல்லோருக்கும் ஸ்டைலிஸ்ட் தேவையா? தேவையில்லை. ஒருவர், ஒரு சட்டை, ஒரு வெள்ளைச் சுவர் என்றால் அந்தப் பணத்தில் நல்ல டெய்லரிடம் சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். குடும்பமாகப் பத்துப் பேர் நிற்கும்போதும், ஒரே நாளில் மூன்று நான்கு உடை மாற்றும்போதும், துணியே விற்பனைப் பொருளாக இருக்கும்போதும் தாராளமாக அமர்த்துங்கள். நடுத்தரமான வேலைக்கு நடுவழியும் உண்டு. படப்பிடிப்புக்கு வராமல், முன்னதாக ஓரிரு மணி நேரம் மட்டும் உங்கள் அலமாரியைப் பார்த்துத் தேர்ந்து கொடுக்கச் சிலர் சம்மதிப்பார்கள். அப்போது உடைகளை ஹேங்கரில் மாட்டிக் காட்டாமல், போட்டுக்கொண்டு, உட்கார்ந்தும் நின்றும், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களாகக் காட்டுங்கள்.