கதண்டு கொட்டினால் முதல் ஊசி எது?

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணத்துக்கோ படைப்புக்கோ திறக்கும்போதுதான் மாடி ஜன்னலிலும் ஓட்டுச் சரிவிலும் கதண்டு என்னும் குளவி கூடு கட்டியிருப்பது கண்ணில் படுகிறது. ஊருக்கு வெளியே பனை மரத்திலும் கண்மாய்க் கரைப் புதரிலும் அதே கூடுகள் உண்டு. நூறு நாள் வேலைக்குப் போனவர்களைக் கதண்டு கொட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்ற செய்தி தென் மாவட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

கொட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும்தான். சுண்ணாம்பு தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மிகச் சிலருக்கு மட்டும் சில நிமிடங்களில் நிலைமை தலைகீழாகிறது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்குகிறது, குரல் கம்முகிறது, மூச்சு இரைக்கிறது, வாந்தி வருகிறது, கண் இருட்டிச் சாய்கிறார்கள். சிலருக்குத் தோலில் தடிப்பே இல்லாமல் நேரே மயக்கம் வரும். ‘விஷம் ஏறிடுச்சு’ என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவரை வீழ்த்துவது விஷத்தின் அளவு அல்ல, அதற்கு எதிராக அவருடைய உடம்பே நடத்தும் மிகைப்பட்ட தாக்குதல். மருத்துவர்கள் இதை அனாபிலாக்சிஸ் என்கிறார்கள். இறால், முந்திரி, பெனிசிலின் ஊசி என எதிலிருந்தும் இது தொடங்கலாம்.

இதில் நேரம் மிகக் குறைவு. பிரிட்டனில் இப்படி இறந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூச்சோ இதயமோ நிற்கும் வரையிலான இடைநிலை நேரம், உணவால் வந்த ஒவ்வாமைக்கு 30 நிமிடம், பூச்சிக்கடிக்கு 15 நிமிடம், மருத்துவமனையில் போட்ட மருந்தால் வந்ததற்கு 5 நிமிடம். கல்லலுக்கு அப்பால் உள்ள ஒரு கண்மாய்க் கரையில் இருப்பவருக்கு இந்த 15 நிமிடத்துக்குள் எந்த ஆஸ்பத்திரி கிடைக்கும்? ஆஸ்பத்திரி அவரிடம் வர வேண்டும், குறைந்தது அதன் ஒரு மருந்தாவது வர வேண்டும்.

அந்த மருந்து அட்ரினலின். எபிநெப்ரின் என்பதும் இதுவே. விரிந்து தளர்ந்துபோன ரத்தக் குழாய்களை இறுக்கி ரத்த அழுத்தத்தை மீட்கிறது. அடைபட்ட மூச்சுக்குழாயைத் திறக்கிறது, இதயத்துக்கு வலுக் கூட்டுகிறது, ஒவ்வாமையைக் கிளப்பும் செல்கள் மேலும் வேதிப்பொருள்களைக் கொட்டாமல் தடுக்கிறது. இந்த நான்கையும் ஒருசேரச் செய்யும் வேறு மருந்து கிடையாது. ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். குணம் தெரியாவிட்டால் 5 முதல் 15 நிமிட இடைவெளியில் மறுபடியும் போடலாம். குழந்தைகளிடம் செய்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 8 நிமிடமும், தோலுக்கு அடியில் போட்டது 34 நிமிடமும் எடுத்துக்கொண்டன. எங்கே குத்துகிறோம் என்பதற்கு அவ்வளவு மதிப்பு.

நம் ஊர் கிளினிக்குகளில் அலர்ஜி என்று போய் நின்றால் முதலில் வருவது அவிலும் டெக்கட்ரானும். அரிப்புக்கும் தடிப்புக்கும் அவில் நல்ல மருந்துதான். விழுந்த ரத்த அழுத்தத்தை அதனால் தூக்க முடியாது. டெக்கட்ரான் ஒரு ஸ்டீராய்டு, அது வேலையைத் தொடங்கவே மணிக்கணக்காகும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போதும் இதே ஒவ்வாமை வரலாம். அதை முன்கூட்டித் தடுக்க முடியுமா என்று இலங்கையில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். சிறு அளவு அட்ரினலின் முதல் ஒரு மணி நேரக் கடும் ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. அவில் வகையைச் சேர்ந்த புரோமெதசினும், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் அப்படிப் பயன் தரவில்லை. ஆனாலும் ‘படபடப்பு வரும், ஹார்ட்டுக்கு ஆகாது’ என்ற தயக்கம் இங்கே இன்னும் பல கைகளைக் கட்டிப்போடுகிறது. படபடப்பும் நடுக்கமும் வரும், சற்று நேரத்தில் அடங்கும். உயிர் போகிற ஒவ்வாமையில் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டிய நோய் என்று ஒன்று இல்லை.

தயக்கத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. ஆம்பூலை உடைத்து, அளவாக உறிஞ்சி, அவசரத்தில் தவறாமல் போடப் பயிற்சி வேண்டும். ஒரு ஆம்பூலில் ஒரு மில்லிகிராம் இருக்கும். முழுவதையும் நரம்பில் ஏற்றிவிட்டால் அதுவே ஆபத்து. இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் ஆட்டோ இன்ஜெக்டர் வந்தது. பேனா போன்ற அந்தக் கருவியைத் தொடையில் அழுத்தினால் போதும், உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி, அளந்து வைத்த மருந்தைச் செலுத்திவிடும். நச்சு வாயுத் தாக்குதலில் ராணுவ வீரர்கள் தாங்களே குத்திக்கொள்ள உருவான கருவியின் வழிவந்தது இது. எபிபென் என்ற பெயரில் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2016-இல் இரண்டு பேனா கொண்ட ஒரு பெட்டியின் விலை 600 டாலரைத் தொட்டதும் அங்கே பெரும் கூச்சல் எழுந்தது. இந்தியக் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. வேண்டியவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். ஆயுளும் குறைவுதான்.

அமெரிக்காவிலேயே ஓர் ஊர் வேறு வழி கண்டது. சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டியில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் 2014 வாக்கில் ஆட்டோ இன்ஜெக்டரை விட்டுவிட்டு, மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் அடங்கிய சிறு பைக்கு மாறினார்கள். சரிபார், பிறகு போடு என்பதே அந்தப் பயிற்சியின் சுருக்கம். செலவு பெருமளவு குறைந்தது. நமக்கு ஏற்ற முன்மாதிரி இதுவே என்று நான் நினைக்கிறேன். விலையுயர்ந்த பேனா வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆம்பூலின் விலை சில பத்து ரூபாய்க்குள் அடங்கும்.

தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இருவர். ஓட்டுபவரை பைலட் என்பார்கள், நோயாளியைப் பார்ப்பவர் இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவத் தொழில்நுட்பர். மருந்துப் பெட்டியில் அட்ரினலின் உண்டு. சிக்கலான நேரங்களில் இ.எம்.டி. கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரைப் போனில் பிடித்து, அவர் சொல்லும் மருந்தைக் கொடுக்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனாபிலாக்சிஸில் அந்த ஒரு அழைப்புக்கும் நேரமில்லாமல் போகலாம், கண்மாய்க் கரையில் சிக்னலும் இல்லாமல் போகலாம். முதல் ஊசியை இ.எம்.டி. தானே போட்டுவிட்டுப் பிறகு மருத்துவரிடம் பேசும்படி நிலையான எழுத்து உத்தரவு இருப்பதே சரி.

இதற்கு முன்னுதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். புதன்கிழமை தடுப்பூசி போட வரும் கிராம சுகாதார செவிலியரின் பையைப் பாருங்கள். தடுப்பூசிக்குப் பின் அனாபிலாக்சிஸ் வந்தால் பயன்படுத்த அட்ரினலின் ஆம்பூல்கள், ஒரு மில்லி சிரிஞ்சுகள், ஓர் அங்குல ஊசிகள், வயதுவாரி அளவு அச்சிட்ட அட்டை ஆகியவை அடங்கிய பெட்டி இருக்கும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒரு தடவை தொடையில் போட்டுவிட்டு நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே அனுமதிக்கிறது. குழந்தைக்கு அந்த நம்பிக்கையை வைத்த நாடு, கதண்டு கொட்டிய விவசாயிக்கும் வைக்கலாம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவர்களுடைய பணியெல்லையை வகுக்கும்போது இதைத் தெளிவாக எழுதிவிடலாம்.

இன்னொரு வண்டியையும் நாம் மறந்துவிடுகிறோம். கதண்டு கூட்டை அழிக்க ஊரார் கூப்பிடுவது தீயணைப்பு நிலையத்தைத்தான். வீரர்கள் கூட்டின் அருகே போகிறார்கள், கூடு கலையும்போது வேடிக்கை பார்க்க ஊரே சுற்றி நிற்கிறது. கொட்டு விழ அதிக வாய்ப்புள்ள அந்த இடத்தில், கொட்டு விழும் நேரத்திலேயே, பயிற்சி பெற்றவர்கள் சீருடையில் நிற்கிறார்கள். செவிலியரின் பையில் உள்ள அதே பெட்டி அந்த வண்டியிலும் இருந்தால் 15 நிமிடக் கணக்கே வேறாகிவிடும். மருந்தை வெயிலிலிருந்து காக்க வேண்டும் என்பது உண்மை. பங்குனி, சித்திரையில் நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் ஆளையே வாட்டும். அட்ரினலின் சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டு, நிறம் மாறிவிடும். நிலையத்தில் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைத்து, அழைப்பு வந்ததும் கையோடு எடுத்துப் போனால் தீர்ந்தது.

ஊசி வரும் வரை பக்கத்தில் நிற்பவர்கள் செய்ய வேண்டியவை சிலதான். 108-க்குப் பேசும்போது ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லாமல், ‘கதண்டு கொட்டியது, மூச்சு வாங்குகிறது’ என்று சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு மிகவும் திணறினால் சாய்ந்து உட்காரலாம். திடீரென எழுப்பி நிற்க வைப்பதும் நடக்க வைப்பதும் கூடாது, அப்படி எழுந்த கணத்தில் இறந்தவர்கள் உண்டு. குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். ஊசி போட்டுத் தெளிந்தாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அடங்கிய ஒவ்வாமை திரும்ப வரலாம். ஒரே நேரத்தில் பத்து இருபது கொட்டு வாங்கியவருக்கு ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் விஷத்தின் அளவே தசையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதற்கு அட்ரினலின் மருந்தல்ல. சிறுநீர் குறைந்தாலோ நிறம் கறுத்தாலோ, வலி போய்விட்டது என்று வீட்டில் இருக்காமல் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றைக்கே போய்விட வேண்டும்.