மழைநாட்டுக்குள் ஒரு பாலை

செஞ்சி வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலையடியில் நெல்லும் மல்லாட்டையும் விளைகின்றன. ஆனால் தொண்டூரை ஒட்டிய பாறைக்குன்றுகளில் கொஞ்சம் ஏறினால் போதும், கால் பாலையில் இருக்கும். மொட்டைப் பாறையில் மண் இல்லை. பெய்த மழை சில நிமிடங்களில் வழிந்தோடிவிடும். பகலில் சுடும், இரவில் சட்டென்று ஆறும். அதனால்தான் சூழலியலாளர்கள் இத்தகைய குன்றுகளை ஈரநிலத்துக்கு நடுவே நிற்கும் வறண்ட தீவுகளாகப் பார்க்கிறார்கள். தொல்காப்பியம் பாலைக்கு உரிய காலமாக வேனிலோடு பின்பனியையும் சேர்த்திருப்பது இந்தப் பாறைகளுக்கு அருமையாகப் பொருந்துகிறது.

பனிக்காலத்தில் பாலைமலைகளுக்குத் தனியாக மூட்டை சுமந்து போகிறவருக்கு மூன்று கவலைகள்: தண்ணீர், ஒதுக்கிடம், இரவுக் குளிர். தொண்டூரில் இவற்றோடு வாழ்ந்தவர்கள் சமணத் துறவிகள். இங்குள்ள கற்படுக்கைகளுக்கு அருகே ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இளங்காயிபன் ஏவ, மோசி என்பவர் செய்துகொடுத்த கொடை என்று அது சொல்கிறது. பக்கத்து அகலூரின் பெயரும் அதில் உண்டு. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதன் காலத்தைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்.

குளிரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தை மாதத்தில் மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிடுகிறது. வெயில் குடித்த பாறை இரவெல்லாம் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். 27 பாகை செல்சியஸில் உள்ள பாறை, சதுர மீட்டருக்கு 440 வாட் அளவில் வெப்பத்தை வெளிவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போல மூடி, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வறண்ட தெளிவானம் திருப்பித் தருவது குறைவு. விடியலுக்குள் பாறையின் மேற்புறம் குளிர்ந்துவிடுகிறது.

மேற்புறம் மட்டும்தான். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப ஏற்றஇறக்கம் கருங்கல்லில் 18 செ.மீ. ஆழத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடங்கிவிடும். அரை மீட்டரில் அநேகமாக இராது. போகும் வேகமும் மெதுவே: அந்த 18 செ.மீ. ஆழத்தில் சூடு உச்சம் தொடுவது, மேற்புறம் உச்சம் தொட்டு நாலு மணி நேரம் கழித்துத்தான். ஆகவே தடித்த பாறைக் கூரைக்கு அடியில் படுத்தவரின் மேல் குளிர்வானம் படுவதில்லை. கூரையே அவர் பக்கம் வெப்பத்தை வீசுகிறது. சித்திரை வெயிலிலோ அதே தடிமன் அவருக்கு நிழலைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது.

படுக்கை மட்டும் கருணை காட்டாது. உலர்ந்த மரத்தைவிட ஏறத்தாழ இருபது மடங்கு வேகமாகக் கருங்கல் வெப்பத்தைக் கடத்தும். முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும். இன்றைய பயணி காற்றடைத்த பாய் சுமப்பது இதற்காகத்தான். அந்தத் துறவிகளின் தவத்தில் இந்த வெப்ப இழப்பும் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் பாறையின் கஞ்சத்தனமே உதவுகிறது. உள்ளே விடாததால் மழை பள்ளங்களில் சுனையாகத் தேங்குகிறது. பக்கத்துச் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையில் மராட்டிய மன்னர் இராஜாராமின் படை 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாக்குப்பிடித்ததற்கு மலைமேல் இருந்த நீரும் ஒரு காரணம். இடுக்குகளில் வளரும் மயில்சிகைப் பெரணிக்கு அதுகூட வேண்டாம்: உடலின் நீரை அநேகமாக எல்லாம் இழந்து சுருண்டு கிடக்கும், மழை பட்டால் ஓரிரு நாளில் பச்சையாக விரியும்.

இனி, குன்றுமேல் அடுக்கிவைத்தாற்போல் நிற்கும் உருண்டைப் பாறைகள். காற்றும் வெயிலும் அவற்றை உருட்டவில்லை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான இந்தக் கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மண்ணுக்கு அடியில் இருந்தபோதே நிலத்தடி நீர் அவற்றுக்குள் புகுந்து கல்லை மக்கவைத்தது. முகப்பை ஒரு பக்கமும், விளிம்பை இரு பக்கமும், மூலையை மூன்று பக்கமும் நீர் தாக்கியதால் மூலைகள் முதலில் கரைந்தன; கட்டங்கள் உருண்டைகளாயின. மேல்மண் அடித்துச் செல்லப்பட்டதும் அவை வெளியே வந்தன. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்திலும் இதே உருவங்கள் நிற்கின்றன. அவையும் வறட்சியின் வேலையல்ல. அந்த நிலம் இன்றைவிட ஈரமாக இருந்த காலத்தில் மண்ணுக்கடியில் நீர் செதுக்கியவை.