ஒலி புகும் வாயில்கள்

வானொலிப் பெட்டி, இசைத்தட்டுக் கருவி, குறுந்தகட்டுக் கருவி ஆகியவை இசையை மெல்லிய மின்னலைகளாகவே வெளியிடுகின்றன. ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றல் அவ்வலைகளுக்கு இல்லை. அவற்றிற்கு வலிமை ஊட்டும் கருவியே ஆம்பிளிபயர். அவற்றுள் ஸ்டீரியோ வகை, இடப்புற ஒலியையும் வலப்புற ஒலியையும் தனித்தனியே வலுப்படுத்தும்.

அதன் பின்புறத்தில் இரண்டிரண்டாகத் துளைகள் பல அமைந்திருக்கும். இவையே ஒலி புகும் வாயில்கள். பெரும்பாலும் வெண்ணிறத் துளை இடப்புறத்திற்கும், செந்நிறத் துளை வலப்புறத்திற்கும் உரியவை. நிறம் மாற்றி இணைத்தால், இடப்புறம் அமர்ந்து வாசித்தவரின் வயலின் வலப்புறத்தில் கேட்கும்.

எல்லா வாயில்களும் ஒரு தன்மையன அல்ல. 'போனோ' என்று பொறித்த வாயில் இசைத்தட்டுக் கருவிக்கே உரியது. இதற்குக் காரணங்கள் இரண்டு. தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி அசைவதால் பிறக்கும் மின்னழுத்தம், பெரிதும் வழங்கும் வகையில், ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டே. குறுந்தகட்டுக் கருவியோ உச்ச அளவில் 2 வோல்ட் வரை தரும். இது 400 மடங்கு மிகுதி. மேலும், தாழ்ந்த சுருதி ஒலிகளை முழு அளவில் பதித்தால் பள்ளங்கள் அகன்று ஒன்றையொன்று வெட்டும். ஆதலின் அவற்றைக் குறைத்தும், உயர்ந்த சுருதி ஒலிகளை மிகுத்தும் பதிக்கின்றனர். இதற்கெனப் பொது அளவுமுறை 1954இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. குறைத்ததைக் கூட்டியும், மிகுத்ததைத் தணித்தும் இசையை மீட்பது போனோ வாயிலின் பணியாகும்.

இசைத்தட்டுக் கருவியை 'லைன்' வாயிலில் இணைத்தால், ஒலி நலிந்து, அடிநாதமின்றிக் கேட்கும். குறுந்தகட்டுக் கருவியைப் போனோ வாயிலில் இணைத்தாலோ ஒலி சிதைந்து அலறும், ஒலிபெருக்கியும் பழுதுபடக்கூடும். மீட்கும் உறுப்பைத் தன்னுள்ளேயே கொண்ட இசைத்தட்டுக் கருவிக்கு மட்டும் லைன் வாயிலே பொருந்தும்.

இணைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துக. இசைத்தட்டுக் கருவியில் தனி நிலக்கம்பி இருப்பின், அதை ஆம்பிளிபயரின் நிலத் திருகில் பூட்டுக. இல்லையேல் இசையினூடே ஓயாத ரீங்காரம் கேட்கும். ஒலியளவைக் குறைத்து வைத்தபின் மின்சாரத்தைச் செலுத்தி, சிறிது சிறிதாக உயர்த்துக.

சிதைந்த ஒலியைக் கேட்டவுடன் கருவியைப் பழித்தல் வேண்டா. உரிய வாயிலில் இணைத்துள்ளோமா என்பதை முதலில் ஆராய்தலே அறிவுடைமை.