பார்த்து! பார்த்து!

உங்கள் பெண்ணுக்கு 18 வயது நிறைந்துவிட்டதா? "அப்பா, எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுங்க" என்று தொடங்கிவிட்டாளா? அப்படியானால் இந்தப் பக்கத்தை உடனே அவளிடம் நீட்டாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். படித்துவிட்டு, காபி டம்ளரோடு சேர்த்து உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். இதில் பாதிக்கு மேல் அவருக்குத்தான்!

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நமக்குத் தெரிந்த பெண்மணிகளில் எத்தனையோ பேரிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. எங்கே இருக்கிறது? பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், வெகு பத்திரமாக இருக்கிறது! கேட்டால், "கத்துக்கிட்டேன், அப்புறம் பழக்கம் விட்டுப்போச்சு" என்பார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். கற்றுக்கொண்ட புதிதில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் போட்ட கூச்சலில் அரண்டுபோனதுதான் காரணமாக இருக்கும். உங்கள் பெண்ணின் லைசென்ஸும் அந்தப் புடவைகளுக்கு அடியில் போய்ச் சேரவேண்டுமா, என்ன?

அப்பாமார்கள் பொல்லாதவர்கள் அல்ல. பெண் கேட்டதைத் தட்டாதவர்கள். ஆனால் ஓட்டுகிற இடத்தை விட்டு இடப் பக்கத்து ஆசனத்துக்கு மாறியதும் அந்தச் சாது மனிதருக்கு என்னமோ நேர்ந்துவிடுகிறது. அவர் காலடியில் பிரேக் இல்லை. ஆனாலும் கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. வாயோ ஓய்வதில்லை.

"கிளட்சை விடு... விடும்மா... ஐயோ, ஏன் அப்படி விட்டே? மெள்ள விடுன்னு இல்லே சொன்னேன்! பார்த்து! பார்த்து!"

"எதைப் பார்க்கணும், அப்பா?"

நியாயமான கேள்வி! மாடிப்படி இறங்கும் பாட்டிக்கும், பால் தம்ளரைத் தூக்கி வரும் குழந்தைக்கும் நாம் சொல்லும் அதே "பார்த்து"தான் இது. அதில் அன்பு நிறைய இருக்கிறது. தகவல் ஒன்றுகூட இல்லை. இடது பக்கமா, வலது பக்கமா? நிற்பதா, போவதா? பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? சாலையை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள்.

அதனால் என்ன ஆகிறது தெரியுமா? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனையின் முகப்பு! திடுக்கிட்டு, திரும்பி, மறுபடி சாலையைப் பார்ப்பதற்குள் இரண்டு மனைகளைத் தாண்டியிருப்பாள். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே எச்சரிக்கையை அலறலாகச் சொல்லக் கூடாது. முன்கூட்டிச் சாதாரணக் குரலில் சொல்லவேண்டும். முதலில் இன்னது என்று சொல்லுங்கள். அடுத்து, செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். "முன்னாலே சைக்கிள், வேகத்தைக் குறை." "ஷேர் ஆட்டோ நிற்கப் போகுது, பின்னாலேயே நில்லு." அவ்வளவுதான்.

நாலைந்து நாள் ஆனதும் முறையைத் திருப்பிவிடுங்கள். பெண் பேசட்டும், அப்பா கேட்கட்டும். "பந்து உருண்டு வருது, பின்னாடியே குழந்தை ஓடிவரும்" என்று தன் கண்ணில் படுவதை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டவேண்டும். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால், அவர் எதற்காகக் கத்தப்போகிறார்?

இனி, சட்டம் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். "தெருமுனை வரைக்கும்தானே" என்று 15 வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது செல்லம் அல்ல, ஆபத்து. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, மைனர் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது!

18 நிறைந்த பெண்ணுக்கு முதலில் எல்.எல்.ஆர். வாங்குங்கள். அது 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகே ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போகலாம். அதுவரை வெள்ளையில் சிவப்பாக எழுதிய 'எல்' எழுத்து வண்டியின் முன்னும் பின்னும் இருக்கவேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டுக் காரில் அப்பாவுக்கு எட்டுவது நடுவிலுள்ள ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். வேகமாகப் போகும்போது அதை வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரங்கள் வழுக்கிவிடும். அதனால் ஆரம்பப் பாடத்தை டிரைவிங் ஸ்கூலுக்கு விடுவதே உத்தமம். வீட்டுப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வீடுகள் எழும்பாத மனைப் பிரிவில், ஆமை வேகத்தில் நடக்கட்டும். முதல் நாளே தியாகராய நகர்ப் பக்கம் போய்விடாதீர்கள்!

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே பாதிப் பாடம் இருக்கிறது. கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கி இருக்கும்படி ஆசனத்தை நகர்த்தட்டும். கண்ணாடிகளைச் சரிசெய்து, ஸீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளட்டும். காலை விட்டு நழுவும் செருப்பு வேண்டாம். தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் உருள விடாதீர்கள். அது பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் வினைதான். பிறகு சமதரையில், முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே கிளட்சை மட்டும் மெள்ள மெள்ள விடச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் வண்டி லேசாக அதிரும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். இருபது தடவை செய்தால் கால் தானே தெரிந்துகொள்ளும். இட்லி மாவின் பதம் நம் கைக்குத் தெரிவதில்லையா, அது போலத்தான்.

"பெண்ணுக்கு எதற்குக் கார்?" என்று யாராவது கேட்டால், பெர்த்தா பென்ஸ் அம்மாளின் கதையைச் சொல்லுங்கள். 1888-இல் ஜெர்மனியில், கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை எடுத்துக்கொண்டு, 15 வயதும் 13 வயதுமான இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, சுமார் 100 கிலோமீட்டர், அவர் போனார். மோட்டார் காரில் முதல் நெடும் பயணமே அதுதான். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்ததும், செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதன்மேல் தோலை அடிக்கச் செய்தார். நம் ஊரிலும், கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மாள் 1993-இலேயே அரசு பஸ்ஸின் ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டார்!

அம்மாவான உங்களுக்கும் வேலை உண்டு. சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிப் பின்னாலிருந்து ஹார்ன் அலறும்போது, "தம்பி எவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டான்!" என்று ஆரம்பிக்காதீர்கள். "நியூட்ரல் போட்டு ஸ்டார்ட் பண்ணு, அவங்க காத்திருப்பாங்க" என்றால் போதும். தப்புகளை வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்திய பிறகு பேசிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. பின் ஆசனத்திலிருந்து இத்தனை வருஷமாக அவள் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவர் ஓட்டும்போது போனில் பேசினால், சிவப்பு விளக்கைத் தாண்டினால், அந்தப் பாடமும் அவளுக்குப் பாடம்தான்.

லைசென்ஸ் வந்த பிறகும் சில வாரம் துணை தேவை. மழையில் ஒரு நாள், இரவில் ஒரு நாள், மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு நாள், நெடுஞ்சாலையில் ஒரு நாள் என்று பக்கத்தில் உட்காருங்கள். நடுநிசியில் வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால், அன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறவள் அவளாகவே இருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு நாள், "கடைக்குத் தனியாப் போய்ட்டு வரேன்மா" என்பாள். சாவியைக் கொடுத்து அனுப்புங்கள். வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிராமல், உள்ளே போய் உங்கள் வேலையைப் பாருங்கள். அவள் பார்த்து ஓட்டுவாள்.